பெட்டி இல்லாத மெக்கானிக்

அந்த மார்கழியில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தோம். தொலைந்துபோன பெட்டி அல்ல, இன்னும் எங்களுக்குக் கிடைக்காத பெட்டி. அத்தை தன் கருவிகளை வைத்துக்கொண்டு பஸ் ஏறி இறங்குவதற்கு அது வேண்டியிருந்தது. அது எப்படி இருக்க வேண்டும் என்பதில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருந்தது. அத்தையிடம் மட்டும் கேள்விகள் இருந்தன.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் நாலாம் வகுப்பு. குமுளி கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலை. காயை உலர்த்திச் சலித்துத் தரம் பிரித்து மூட்டை கட்டும் இடம் அது. சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அவருடைய வாசம் வந்துவிடும். அம்மாவும் சீசனில் காய் பொறுக்கப் போவாள். அப்பா சட்டை, என் பாவாடை, பாய், தலையணை, என் பள்ளிக்கூடப் பை என எல்லாவற்றிலும் ஏலக்காய் மணந்தது. அது ஒரு மணம் என்பதே எனக்கு வெளியூர் போய்ப் படிக்கிற காலத்தில்தான் தெரிந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. சின்னமனூர் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முந்தின ஆனியில் ஒரு மத்தியானம் ஒரு துணி மூட்டையோடு கம்பம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள், திரும்பிப் போகவில்லை. ஏன் வந்தாள் என்று என் முன்னால் யாரும் பேசவில்லை. மூட்டையைப் பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ரெண்டு சேலையும் ஒரு சீப்பும் தவிர மீதி முழுக்க இரும்பு. திருப்புளி, குறடு, அரம், எண்ணெய்க் குப்பி. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். “நகையெல்லாம் எங்கத்தா?” என்று கேட்டதற்கு, எடுக்க நேரம் இருந்தது இவ்வளவுக்குத்தான் மதினி என்று அத்தை சொன்னதாக ஞாபகம்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் கம்பத்தில் ஒரு தையல் மெஷின் கடைக்குக் கணக்கெழுதப் போயிருந்தாள். எழுதியது கொஞ்ச நாள்தான். கடைக்காரருக்குக் கண் மங்க மங்க, ஊசியில் நூல் கோக்க, சின்ன ஸ்க்ரூவை முடுக்க என்று அவளைக் கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் மெஷின்களை அவளிடம் விட்டுவிட்டுக் கணக்கை அவர் எழுதிக்கொண்டார். அந்தக் கருவிகள் அப்படிச் சேர்ந்தவை.

மார்கழி பிறந்தபோது ரெண்டு செய்திகள் ஒரே வாரத்தில் மலையேறி வந்தன. முதலாவது சின்னமனூரிலிருந்து. மாமியார் படுத்துவிட்டாராம், பார்க்க ஆளில்லையாம், தை பிறந்ததும் மாமனாரும் அத்தை புருஷனின் அண்ணனும் வந்து அத்தையைக் கூட்டிப்போவார்களாம். நிற்கவிடாத வீட்டுக்கு இப்போது நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ரெண்டாவது செய்தியைக் கொண்டுவந்தவர் என் தாய்மாமா. குமுளிக்கும் கம்பத்துக்கும் ஜீப் ஓட்டிய அவர், சாமானை விடச் சேதிகளைத்தான் அதிகம் ஏற்றி இறக்குவார். கம்பத்தில் பெண்பிள்ளைகள் தையல் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு மெஷின்கள் மக்கர் செய்கின்றனவாம். பொங்கல் கழிந்து பரீட்சை. வருகிற ஆண் மெக்கானிக்குகள் வேலையை விட வேடிக்கை அதிகம் பார்க்கிறார்கள் என்று டீச்சர் எல்லோரையும் நிறுத்திவிட்டாராம். பொம்பளை மெக்கானிக் ஒருத்தி கிடைத்தால் மாதாமாதம் அவளுக்கே வேலை.

அப்பா முகச்சவரம் செய்துகொண்டே, கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாவுக்குத்தான் அது. “சும்மா ஒக்காந்திருக்கிற பிள்ளைய நான் என்ன சொல்லி வச்சுக்கிறது? கையில ஒரு வேலைன்னு இருந்தா, வந்தவுககிட்டப் பேச எனக்கும் ஒரு வாய் இருக்கும்.”

ஆகவே அத்தை இங்கே இருப்பதும் போவதும் அந்தப் பள்ளிக்கூட வேலையைப் பொறுத்தது. வேலைக்குப் போக வேண்டுமானால் கருவிகளைக் கொண்டுபோக வேண்டும். கருவிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் நின்றால் யாரும் மதிக்க மாட்டார்கள். அதனால்தான் பெட்டி.

சாக்கை விரித்து அத்தை எல்லாவற்றையும் பரப்பினாள். பெரிய திருப்புளி, சின்னத் திருப்புளி, குண்டூசி அளவில் இன்னொரு திருப்புளி, குறடு, அரம், சுத்தியல், ஸ்பானர்கள். இந்தப் பெரியவர்களால் தொந்தரவு இல்லை, எங்கே போட்டாலும் கிடப்பார்கள். பிரச்சினையெல்லாம் சின்னவர்களால்: ஊசிகள், நூல் சுற்றும் பாபின்கள், கடுகு மாதிரி ஸ்க்ரூக்கள், தொட்டால் துள்ளி ஓடும் ஸ்பிரிங்குகள். எண்ணெய்க் குப்பியோ தனி ரகம். அது சாய்ந்தால் மற்ற எல்லாமும் குளிக்கும். நான் சிலேட்டை எடுத்துவந்து தேவைகளை எழுத ஆரம்பித்தேன். சின்னது கலக்கக் கூடாது. எண்ணெய் கொட்டக் கூடாது. மழையில் துருப்பிடிக்கக் கூடாது. அத்தை எட்டிப் பார்த்து ரெண்டு சேர்க்கச் சொன்னாள். நினைத்த உடனே நினைத்தது கைக்கு வர வேண்டும், தேடிக்கொண்டு நின்றால் வேலை தெரியாதவள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அடுத்தது, “ஒத்தையில தூக்கணும். ஏத்திவிடவும் எறக்கிவிடவும் ஆள் தேடக் கூடாது.”

முதல் ஆலோசனை அம்மாவுடையது. நல்ல கித்தான் பை. கடைத்தெரு வரைக்கும் ஒத்திகை பார்த்தோம். மீன்கடை நெரிசலில் குண்டூசித் திருப்புளி பையைத் துளைத்து வெளியே வந்து, முன்னால் நின்ற ஓர் அம்மாவின் இடுப்பை விசாரித்தது. அவர் திரும்பி, பின்னால் நின்ற அப்பாவிப் பெரியவர் ஒருவரை மலையாளத்தில் வைத வசவில் பாதி எனக்குப் புரிந்தது. அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவசரமாக நடந்தாள்.

ரெண்டாவது என்னுடையது, அஞ்சறைப்பெட்டி. எனக்கு அதில் மிகுந்த பெருமை. சமையலறையில் கடுகும் சீரகமும் கலக்காமல் இருக்கிறபோது ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும் ஏன் கலக்க வேண்டும்? அம்மா முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைக் காலி செய்து கொடுத்தாள். மாமா அதை ஜீப்பில் வைத்து ஒரு நடை போய்வந்தார். திறந்து பார்த்தால் எல்லா அறையிலும் எல்லாமும் இருந்தது. சமையலறையில் அஞ்சறைப்பெட்டி நடக்காது, மலைப்பாதையில் ஜீப் குதிக்கும் என்ற வேறுபாட்டை நான் யோசிக்கவில்லை. பெட்டி அம்மாவிடம் திரும்பிப் போனது. அடுத்த வாரம் அப்பாவின் ரசத்தில் ஒரு ஸ்பிரிங் இருந்தது. அப்பா அதைத் தட்டின் ஓரத்தில் கருவேப்பிலையோடு ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டு முடித்தார்.

ஆனால் மறுநாள் ஸ்டோரில் பெட்டி அடிக்கிற ஆசாரியிடம் சொல்லி அவரே ஒரு மரப்பெட்டி செய்துகொண்டுவந்தார். வழவழவென்று இழைத்து, உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூடி வைத்திருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. காலியாகவே அம்மிக்கல் கனம் கனத்தது. அத்தை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தாள்.

“நல்லாருக்குண்ணே. ஆனா இதத் தூக்கிட்டுப் போறதுக்கு ஒரு ஆம்பளையும் வேணும்.”

பஸ் ஸ்டாண்டில் போர்ட்டர் இருக்கிறான், இதற்கெல்லாம் ஒரு யோசனையா என்றார் அப்பா. பெட்டியில் அதற்குப் பிறகு நாங்கள் வெங்காயம் போட்டுவைத்தோம்.

மாமாவுக்கு இதெல்லாம் சிரிப்பு. என்னிடம் விட்டிருக்க வேண்டும் என்றார். ரெண்டு நாள் கழித்து ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை உருவி எடுத்து அத்தையின் முன்னால் வைத்தார். கைக்கு அடக்கமாக, பச்சைப் பெயிண்ட் அடித்து, மேலே பிடியோடு இருந்தது. திறந்தால் அறைகள் வைத்த ஒரு தட்டு. அத்தை அதைக் கண்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாமா மந்திரவாதி மாதிரி கையை உதறிவிட்டுத் தட்டைத் தூக்கினார். அடியில் ஆழமாக இன்னோர் அறை. பெரியவை கீழே, சின்னவை மேலே, மூடினால் மூடி தட்டின் மேல் அழுந்தி உட்காரும், ஒன்றும் துள்ளாது. நான் சிலேட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். எல்லாம் அடிபட்டுவிட்டது. அத்தை பெட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

“எங்கடா பிடிச்ச இத?” என்று அம்மா கேட்டாள்.

“கம்பத்துல தகரக்காரன் செஞ்சது. ஒரு அக்கா வச்சிருந்துச்சு. இப்பத் தொழில விட்டுருச்சாம், கொண்டுபோடான்னு குடுத்துருச்சு.”

என்ன தொழில் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. இன்று யோசித்தால் அதுதான் எனக்கு ஆச்சரியம். மலைக்கு மேலே அரிசிப் பஞ்சம், கீழே நெல் விளைகிற ஊர். நடுவில் ரெண்டு அரசாங்கத்தின் செக்போஸ்ட்டுகள். அரிசி மேலே வரக் கூடாது, சீட்டில்லாமல் ஏலக்காய் கீழே போகக் கூடாது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் எதையாவது எதற்குள்ளாவது வைத்துக் கடத்திக்கொண்டிருந்த காலம். தட்டுக்கு அடியில் அறை வைத்த பெட்டி எதற்கு என்று குமுளியில் கைக்குழந்தைக்கும் தெரியும். எங்களுக்கு அது திருப்புளி வைக்கிற பெட்டியாகத் தெரிந்தது. அவ்வளவு ஆசையாகத் தேடியிருந்தோம்.

பள்ளி விடுமுறை விட்டதும் அத்தை கிளம்பினாள். தனியாக அனுப்ப அப்பாவுக்கு மனமில்லாததால் துணைக்கு என்னை அனுப்பினார். அங்கேயே ஓர் இரவு தங்கி வேலை பார்ப்பதாக ஏற்பாடு. அத்தை கையில் பச்சைப் பெட்டி, என் கையில் ஒரு பை. பையில் என் மாற்றுடையும், எண்ணெய் வேலைக்கென்று அத்தை எடுத்துக்கொண்ட பழைய நூல்சேலையும். பஸ் ஏறியதும் ஜன்னலோரம் எனக்கு இடமும் கிடைத்தது. பஸ் கொஞ்ச தூரம் உருண்டு செக்போஸ்ட்டில் நின்றது.

சோதனை போட ஏறியவர் ஒரு மூட்டையையும் ஒரு கூடையையும் குத்திப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ரொம்ப நாள் பிரிந்திருந்த சொந்தக்காரரைத் திருவிழாவில் பார்த்தவர் மாதிரி ஒரு மலர்ச்சி.

“இந்தப் பெட்டிய எனக்கறியாம்,” என்றார் மலையாளம் கலந்த தமிழில். “இதோட ஆளு தடிச்ச ஒரு சேச்சி அல்லே? நீ ஆரு?”

அத்தைக்குப் புரியவில்லை. கீழே இறங்கச் சொன்னார். மேசை மேல் பெட்டியை வைத்து, மாமா செய்த அதே மந்திரவாதி அசைவோடு தட்டைத் தூக்கினார். கீழே சுத்தியலும் குறடும் கிடந்ததைப் பார்த்து அவருக்கு ஏமாற்றம். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, காலிப் பெட்டிக்குள் முகத்தை விட்டு முகர்ந்தார். மூலை மடிப்பில் நகத்தை விட்டு நெம்பினார். ஓர் ஏலக்காய்த் தோல் வந்தது.

“ஏலக்கா மணக்குதே.”

அத்தை பேச வாய் திறப்பதற்குள் நான் உதவிக்குப் போனேன். எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான் மணக்கும் சார் என்றேன். என் பையையும் நீட்டி, வேண்டுமானால் முகர்ந்து பாருங்கள் என்றேன். அதோடு நிற்கவில்லை. “எங்கப்பா ஏலக்கா ஸ்டோர்லதான் சார் வேல பாக்கிறாரு.”

அவர் என்னை மிகுந்த அன்போடு பார்த்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் யாரும் அவருக்கு இவ்வளவு ஒத்தாசை செய்திருக்க மாட்டார்கள். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். அத்தை டிரைவரையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள். ரெண்டாவது ஹாரனுக்குப் பிறகு பஸ் எங்களை விட்டுவிட்டு மலையிறங்கிப் போய்விட்டது.

அத்தை அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னிடமிருந்த பையை வாங்கி நூல்சேலையை எடுத்து, அதை நீளமாக மேசைமேல் போட்டாள். சிதறிக் கிடந்தவற்றை வரிசையாக அதன்மேல் அடுக்கத் தொடங்கினாள். ஊசிகள் ஒரு பக்கம், பாபின்கள் ஒரு பக்கம், ஸ்க்ரூக்கள் அளவு வாரியாக. எண்ணி அடுக்குவதைப் பார்த்தால் பலசரக்குக் கடைக்காரர் கடை பரப்புவது போலிருந்தது. சோதனைக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதற்குள் ஒளிக்க ஒன்றுமில்லை என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் பழைய எதிரி கையில் கிடைத்திருக்கிறது, அதை எப்படி விடுவது? கடைசியில் தீர்ப்புச் சொன்னார். சாமானெல்லாம் கொண்டுபோகலாம். பெட்டி இங்கே இருக்கட்டும். பெட்டி கொடுத்தவனை வரச் சொல்.

மாமா அதற்குப் பிறகு பல நாள் செக்போஸ்ட்டைக் கடக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு ஜீப் ஓட்டினார் என்பது தனிக் கதை.

அத்தை மேசைமேல் கிடந்த நூல்சேலையைப் பார்த்தாள். முந்தானையை எடுத்தாள். சில்லறையையும் சாவியையும் முந்தானையில் முடிந்துகொள்கிற பழக்கம் எல்லாப் பெண்களுக்கும் உண்டு. அத்தையும் அப்படித்தான் ஆரம்பித்தாள். முந்தானை முனையில் ஊசிகளைக் காகிதத்தோடு வைத்து ஒரு முடிச்சு. ஒரு சாண் தள்ளி, பாபின்களுக்கு ஒரு முடிச்சு. அப்புறம் ஸ்க்ரூக்கள், ஸ்பிரிங்குகள். சேலையின் கரை ஓரமாகவே முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டு போனாள். கனமானவற்றை மறு முனையில் வைத்துச் சுருட்டிக் கட்டினாள். எண்ணெய்க் குப்பியை என் கையில் கொடுத்தாள்.

“எந்த முடிச்சுல என்ன இருக்குன்னு நீ மனசுல வச்சுக்க. கேட்டா டக்குன்னு சொல்லணும்.”

வாழ்க்கையில் எனக்குத் தரப்பட்ட முதல் பொறுப்பான வேலை அது. அடுத்த பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க நான் முடிச்சுகளை மனப்பாடம் செய்துகொண்டே இறங்கினேன். வாந்தி வரக்கூட நேரமில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. டீச்சர் உயரமானவர், கழுத்தில் அளவு டேப்பை மாலை மாதிரி போட்டிருந்தார். காலையிலேயே எதிர்பார்த்தாராம். அத்தை தோளில் கிடந்த முடிச்சுச் சேலையை மேலும் கீழும் பார்த்தார். மெஷின்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், “சேல யாவாரத்துக்கு வந்திருக்காக போலடி,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

“நீங்கதான் மெக்கானிக்கா? பெட்டி எங்கம்மா?”

“பெட்டி செக்போஸ்ட்ல இருக்கு டீச்சர்,” என்றாள் அத்தை. “வேல கையில இருக்கு. ஒரு மெஷினக் காட்டுங்க. சரியாகலேன்னா அடுத்த பஸ்ஸுக்குப் போயிர்றோம்.”

டீச்சர் வேண்டுமென்றே இருப்பதில் மோசமான மெஷினைக் காட்டினார் என்று நினைக்கிறேன். அத்தை அதன் முன்னால் சேலையை நீளமாக விரித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சக்கரத்தைக் கையால் சுற்றிக் காதைக் கிட்டே வைத்துக் கேட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே சின்ன ஸ்பிரிங் என்றாள். நாலாவது முடிச்சு என்றேன். கை போனது, அவிழ்ந்தது, எடுத்தது. ஊசி? முந்தானை முனை. இப்படியே நடந்தது. சிரிப்பு எப்போது நின்றதென்று நான் கவனிக்கவில்லை, என் கவனமெல்லாம் முடிச்சில். ஒரு தடவை மட்டும் தவறிவிட்டது. அத்தை என்னைத் திட்டாமல் அடுத்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டாள்.

சரிசெய்த மெஷினை ஓட்டிப் பார்க்கத் துணி வேண்டும். டீச்சர் ஒரு காக்கித் துணியின் மிச்சத்தைக் கொடுத்தார். அந்த மெஷினுக்கு உரிய பெண் உட்கார்ந்து குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட ஆரம்பித்தாள். தையல் சீராக விழுந்தது. அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளை நிறுத்தச் சொன்னாள்.

“வெட்டியா ஓட்டாதத்தா. இந்த ஓரத்த மடிச்சு, பை மாதிரி ஒண்ணு தச்சுக் குடு.”

அவள் தைத்துக் கொடுத்தாள். அத்தை அதில் பெரிய திருப்புளியைச் செருகினாள். சரியாக இருந்தது. செருகியபடியே அதைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரும் பார்த்தார். கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார், உள்ளே போய் ஒரு முழுக் காக்கித் துண்டைக் கொண்டுவந்தார், மேசையில் விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டார். குறடு, அரம் என்று ஒவ்வொன்றாக வாங்கி அளந்தார். சின்னச் சாமானுக்கு மேலே மூடி வைத்துப் பட்டன் போட வேண்டும், இல்லையென்றால் கொட்டிவிடும் என்றார். எண்ணெய்க் குப்பிக்கு ரெக்ஸின் உள்துணி வேண்டும் என்றார். பரீட்சைக்கு வினாத்தாள் எழுதுகிறவர் மாதிரி அவ்வளவு கண்டிப்பு.

அதற்குப் பிறகு சரியாகிற ஒவ்வொரு மெஷினும் ஒரு பையைத் தைத்தது. எந்த மெஷின் சரியானதோ அதில் உட்காருகிற பெண் அதைத் தைப்பாள். அவரவர் மெஷினில் எந்த நிற நூல் கோத்திருந்ததோ அந்த நூல். சிவப்பு, நீலம், வாடாமல்லி, ஒருத்தி மஞ்சள். முதலில் சேலை வியாபாரம் என்று சொன்ன பெண்தான் தன் பைக்கு ரெட்டைத் தையல் போட்டாள். தன் மெஷின் இன்னும் சரியாகாதவள் நகத்தைக் கடித்துக்கொண்டு அத்தையின் தோளுக்குப் பின்னால் நின்றாள். மறுநாள் மத்தியானத்துக்குள் காக்கித் துணி முழுக்கப் பைகளாகி, சுருட்டினால் ஒரு முழ நீளமும் முன்னங்கைத் தடிமனுமாக, நாடா வைத்துக் கட்டித் தோளில் மாட்டுகிற மாதிரி ஆகிவிட்டது.

பின்னாளில் பாலிடெக்னிக்கில் எங்களை ஒரு கருவிப்பெட்டிக்கு வரைபடம் போடச் சொன்னபோது நான் வரைந்தது அதைத்தான். பெட்டி எங்கே என்று வாத்தியார் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பழகிய கேள்வி.

ஒரு மெஷின் மட்டும் சரியாகவில்லை. பாபின் உட்காரும் ஷட்டில் தேய்ந்துபோயிருந்தது. மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும். அத்தை அதை மறைக்காமல் சொன்னாள். சொல்லும்போது அவள் விரல்கள் சேலைக் கரையைத் திருகிக்கொண்டிருந்தன. டீச்சர் அந்த மெஷினை மூடிபோட்டு மூடினார்.

“அப்ப அடுத்த மாசமும் நீங்க வந்துதான ஆகணும்,” என்றார். “மாசத்துல மொத வாரம் வந்துருங்க. பரீட்சைக்கு முந்தி ஒரு நட வரணும்.”

அத்தை தலையாட்டினாள். பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில் எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். அவள் பாடிக்கொண்டு நடந்ததை அன்றுதான் முதலில் கேட்டேன்.

மலையேறும்போது அரிசி பிடிக்கிற சோதனை. ஏறியவர் தோளில் இருந்த சுருளைப் பார்த்து என்னது என்று கேட்டார். அத்தை நாடாவை அவிழ்த்து ஒரு வீச்சு வீசினாள். சுருள் பிரிந்து அவள் மடியிலிருந்து என் மடி வரைக்கும் ஓடியது. எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் முகம் காட்டின. அவர் ஓர் அடி பின்வாங்கி, அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். மேலே குமுளியில், பெட்டியைப் பிடித்துவைத்த நம்முடையவர் ஏறினார். மறுபடியும் ஒரு வீச்சு. அவர் ரெண்டு பைகளை விரலால் தொட்டுப் பார்த்தார், குனிந்து முகர்ந்தும் பார்த்தார். இதில் ஒன்றும் ஒளிக்க முடியாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்போல. பெட்டி பத்திரமாக இருக்கிறது என்றார். பெட்டி எங்களுக்கு வேண்டாம் சார் என்று அத்தை சொன்னாள்.

தை பிறந்து, பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சின்னமனூர்க்காரர்கள் வந்தார்கள். மாமனாரும் அவருடைய மூத்த மகனும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மா காப்பி போட உள்ளே போனவள், என்னைக் கூப்பிட்டுக் கையில் கிண்ணத்தைக் கொடுத்தாள். எங்களுக்கு எப்போதும் கருப்பட்டிக் காப்பிதான், விருந்தாளிகளுக்குச் சீனி போட வேண்டும். கடைக்குப் போய்ச் சீனி வாங்கிக்கொண்டு ஓடி வா என்றாள்.

ஓடித்தான் போனேன். கடையில் கூட்டம். மேலும் கடைக்காரர் வீட்டுப் பூனை குட்டி போட்டிருந்தது. குட்டிகள் அரிசிச் சாக்குக்குப் பின்னால் கண் திறக்காமல் கிடந்தன. சீனியோடு திரும்பி வந்தபோது தெருமுனையில் அந்த ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பெரியவர் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

சீனி வராத கோபத்தில்தான் போகிறார்கள் என்று நினைத்து ஓடினேன். வீட்டுக்குள் போனால் ரெண்டு தம்ளரிலும் காப்பி அப்படியே ஆடை கட்டி இருந்தது. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது, பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்தவர் மாதிரி. அம்மா கதவில் சாய்ந்துகொண்டிருந்தாள். அத்தை சுவரோரமாக நின்றாள்.

கடையில் கூட்டம், அதனால்தான் சீனி லேட்டாகிவிட்டது என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. பூனைக்குட்டிகளைப் பற்றிச் சொல்லவில்லை. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். முதலில் சிரித்தது அப்பா. பிறகு அம்மா. அத்தை கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி, ஆறிப்போன ரெண்டு தம்ளரிலும் தாராளமாகச் சீனியைக் கொட்டிக் கலக்கி, ஒன்றை என்னிடம் கொடுத்தாள். இன்னொன்றைத் தானே எடுத்துக்கொண்டு நின்றபடி ஒரே மூச்சில் குடித்தாள்.

“நீ மெதுவா வந்ததே நல்லதுடி,” என்றாள்.

நான் அதை நம்பினேன். காப்பியில் சீனி இல்லையென்றால் கூட்டிப்போக வந்தவர்கள் கோபித்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வெகு காலம் வரைக்கும், வெள்ளை வேட்டி கட்டிய யாராவது எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தால், நான் முதல் வேலையாகப் பின்வழியாக ஓடிப்போய்ச் சீனி டப்பாவை ஒளித்து வைத்துவிடுவேன்.